ஃபோல்டருக்குப் பூட்டு கேட்ட சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்கு எஸ்டிஆர் உதவித்தொகை, வருமானவரி இ-ஃபைலிங், பிள்ளைகளின் பல்கலைக்கழக இடத்துக்கான யூபியூ மனு என்று பாரம் நிரப்பித் தருகிறீர்கள். அவர்களுடைய அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் உங்கள் மடிக்கணினியில் ‘கஸ்டமர்’ என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. இரவில் அதே மடிக்கணினியில் தம்பி கேம் விளையாடுகிறான். ஃபோல்டரை ‘ஹிடன்’ செய்து வைத்தீர்கள், அவன் உடனே கண்டுபிடித்துக் காட்டிவிட்டான். இப்போது திரையில் கோடு விழுந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். ‘ஃபோல்டருக்கு பாஸ்வர்டு போட நல்ல சாஃப்ட்வேர் எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சாஃப்ட்வேர் பெயர் கேட்டாலும், உண்மையில் மூன்று பேரிடமிருந்து அந்தக் காகிதங்களைக் காப்பாற்ற வழி கேட்கிறீர்கள். ஒருவர் உங்கள் மடிக்கணினியை உங்கள் சம்மதத்தோடு தினமும் பயன்படுத்துகிற தம்பி. இரண்டாவது, நீங்களே கையில் கொடுத்துவிட்டு வரப்போகிற பழுதுபார்ப்பவர். மூன்றாவது, கடை ஷட்டரை உடைத்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய திருடன். இந்த மூவருக்கும் ஒரே பூட்டு பொருந்தாது. ஃபோல்டர் பூட்டு சாஃப்ட்வேர் என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூவரில் ஒருவரையும் சரியாகத் தடுப்பதில்லை. அதனால் என் பதில்: ஃபோல்டரைப் பூட்ட வேண்டாம். ஆட்களைத் தனித்தனி கணக்காகப் பிரியுங்கள், முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் தேவையானது பெரும்பாலும் உங்கள் விண்டோஸிலேயே இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நான் தோட்ட ஆபீஸ்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். கிராணிமார், அதாவது ஆபீஸ் எழுத்தர்கள், மூன்று நான்கு பேர் ஒரே கணினியில் செக்ரோல் என்கிற தொழிலாளர் சம்பளக் கணக்கு போடுவார்கள், சாயந்திரம் யாராவது ஒருவருடைய பிள்ளை பள்ளிப் பாடம் செய்ய வந்து உட்காரும். உங்கள் வீட்டு நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் மடிக்கணினியை நேரில் பார்க்காததால் ‘இப்படி இருந்தால்’ என்றுதான் சொல்ல முடிகிற இடங்களும் உண்டு, அவற்றை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ‘ஹிடன்’ ஏன் உதவவில்லை என்பது. கோப்பு மேலாளரில் ‘வியூ’ பட்டியலைத் திறந்து ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை ஒரு தட்டு தட்டினால் மறைத்தவை எல்லாம் மங்கலாகத் தெரிந்துவிடும். கண்ணில் படாமல் இருக்க மட்டும் வைத்த வசதி அது, பாதுகாப்புக்கென்று யாரும் செய்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் பல ஃபோல்டர் லாக் சாஃப்ட்வேர்கள் உள்ளே செய்வதும் இதற்குச் சற்றே மேல்: ஃபோல்டரை மறைத்து, அதன் அனுமதியை மாற்றி, முன்னால் ஒரு பாஸ்வர்டு பெட்டியை நிறுத்துகின்றன. கணினியை வேறொரு பென்டிரைவில் இருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் மூலம் தொடங்கினால் அந்தப் பெட்டி எங்கேயும் இருக்காது, கோப்புகள் அப்படியே தெரியும். உண்மையிலேயே என்கிரிப்ட் செய்கிற நல்ல சாஃப்ட்வேரும் இருக்கிறது. செவன்-ஜிப், வெராகிரிப்ட் இரண்டும் இலவசம், இரண்டும் ஏஇஎஸ் என்கிற என்கிரிப்ஷன் முறையை 256 பிட் சாவியோடு பயன்படுத்துகின்றன, நம்பலாம். ஆனால் தினமும் நாற்பது முறை திறந்து மூடுகிற ஃபோல்டருக்கு அவை தோதுப்படாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தம்பியில் இருந்து தொடங்குவோம். இப்போது நீங்களும் அவனும் ஒரே பெயரில்தானே உள்ளே நுழைகிறீர்கள்? அப்படியானால் விண்டோஸுக்கு நீங்கள் இருவரும் ஒரே ஆள். உங்களுக்குத் திறக்கிற எல்லாமே அவனுக்கும் திறக்கும். குரோமில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வர்டுகளும், திறந்தபடியே கிடக்கிற கணினி வாட்ஸ்அப்பும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அதில் அடக்கம். அந்த டவுன்லோட்ஸை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அடையாள அட்டைப் படங்கள், வங்கி அறிக்கைகள், தம்பி இறக்கிய கேம் கோப்புகள் எல்லாம் தேதி வரிசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். நீங்கள் பூட்டப் பார்க்கிற ‘கஸ்டமர்’ ஃபோல்டரில் இருப்பதன் இன்னொரு நகல் அநேகமாக அங்கேயே கிடக்கும். நான் பார்த்த ஏறக்குறைய எல்லாக் கடைக் கணினியிலும் இப்படித்தான் இருந்தது. ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

ஆகவே தம்பிக்குத் தனிக் கணக்கு. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ‘ஆட் அக்கவுண்ட்’ கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் முகவரி கேட்கும். அவனுக்கு அது இல்லாவிட்டால், இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்கிற வரியைத் தட்டி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சேர்த்த பிறகு அவன் பெயருக்குக் கீழே கணக்கின் வகையைப் பாருங்கள். அது ‘ஸ்டாண்டர்டு யூசர்’ என்று இருக்க வேண்டும், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கக்கூடாது. எல்லாமே இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஸ்டாண்டர்டு கணக்கில் இருக்கிறவன் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வர்டு கேட்டு நிற்கும். அவனும் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால், அதே இடத்தில் ‘கன்டினியூ’ என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தட்டினால் உங்கள் ஃபோல்டர் அவனுக்கு நிரந்தரமாகத் திறந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தும் எல்லோரையும் அட்மினிஸ்ட்ரேட்டராக விட்டிருந்த ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கணக்கைப் பிரித்ததற்குப் பலனே இல்லை.

தம்பி முணுமுணுப்பான், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சில கேம்களை இன்ஸ்டால் செய்யும்போதெல்லாம் உங்கள் பாஸ்வர்டு கேட்கும், நீங்கள் வந்து அடிக்க வேண்டும். தொந்தரவுதான். ஆனாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. கேமுக்கான ‘கிராக்’ என்ற பெயரில் வருகிற கோப்புகளில்தான் தீம்பொருள் அதிகம் ஒளிந்து வரும், அவனுடைய ஸ்டாண்டர்டு கணக்கில் ஓடுகிற எதுவும் உங்கள் ஃபோல்டரை எளிதில் தொட முடியாது. என்னைக் கேட்டால் நீங்களும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கையே வைத்துக்கொண்டு, அட்மினிஸ்ட்ரேட்டருக்கென்று மூன்றாவதாக ஒன்றைத் தனியே வைப்பது இன்னும் நல்லது. அதை உடனே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. தம்பியின் கணக்கை மட்டும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

அடுத்து, அந்தக் ‘கஸ்டமர்’ ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் பழுதானால் சி டிரைவை அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நம் ஊர்க் கடைகளில் முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. உங்களுடையதும் அப்படி இருந்தால் கணக்கைப் பிரித்தது மட்டும் போதாது. உங்கள் பெயரில் உள்ள டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இவற்றைத்தான் விண்டோஸ் தானாக உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கிறது. டி டிரைவிலோ, சி டிரைவின் முதல் மட்டத்திலோ நீங்கள் உண்டாக்குகிற ஃபோல்டர் வழக்கமாக அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கிற எல்லோருக்கும் திறக்கும், மாற்றவும் அழிக்கவும்கூட விடும். ஆகவே ‘கஸ்டமர்’ ஃபோல்டரை உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் கொண்டு போய்விடுவதே சுலபமான வழி. ஆனால் ஒன்று: ஒரே டிரைவுக்குள் ‘மூவ்’ செய்தால் பழைய அனுமதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரக்கூடும். ‘காப்பி’ செய்தால் போகிற இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். காப்பி செய்து, சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள்.

இடத்தை மாற்றவே முடியாது என்றால், ஃபோல்டரின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று உள்ளே போய் மேலிருந்து வருகிற அனுமதியை நிறுத்தி, பட்டியலில் ‘யூசர்ஸ்’, ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ இரண்டையும் நீக்கிவிடலாம். முதலில் உங்கள் பெயரை முழு அனுமதியோடு அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், அப்புறம்தான் நீக்க வேண்டும். ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ‘டினை’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பார்த்ததும் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு அதில் டிக் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த எல்லோரிலும் நீங்களும் ஒருவர். தடுப்பு, அனுமதியை முந்தும். நீங்களே வெளியே நிற்பீர்கள். மீட்க வழி உண்டு என்றாலும் கடையில் ஆள் காத்திருக்கும்போது செய்கிற வேலை இல்லை அது. பென்டிரைவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன, அவற்றில் இந்த அனுமதி முறையே கிடையாது. அதில் போட்டதை யார் செருகினாலும் படிக்கலாம்.

இதுவரை சொன்னது தம்பிக்குப் போதும். பழுதுபார்க்கிற கடைக்கும் திருடனுக்கும் போதாது. தோட்டத்து ஸ்டோரில் ஜாகா உட்கார்ந்திருப்பாரே, அவர் வாசலில் வருகிறவனை யார் என்று கேட்பார், சீட்டு இருந்தால் உரமூட்டையை எடுக்க விடுவார். பின்பக்கத்துத் தகரத்தைப் பிரித்து மூட்டையைத் தூக்குகிறவனை வாசலில் இருக்கும் ஜாகா என்ன செய்ய முடியும்? கணக்கும் அனுமதியும் வாசல் ஜாகாதான். உங்கள் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் வழியாக வருகிறவனை மட்டுமே அவை கேள்வி கேட்கும். டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டு வேறு கணினியில் செருகினால் அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் வேறு ஆள், உங்கள் அனுமதிப் பட்டியலை அவர் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விடலாம். நல்ல எண்ணத்தோடு தரவை மீட்டுத் தருகிறவர்கள் செய்வதும் இதே வழிதான். இது ரகசியக் கலை இல்லை, ஒரு ஸ்குரூ டிரைவரும் மலிவான கேசிங்கும் போதும்.

பழுதுபார்க்கப் போன கணினியில் இருந்து தனிப்பட்ட படங்கள் வெளியே போய் ஒருவருடைய வாழ்க்கையையே புரட்டிப்போட்ட சம்பவத்தை 2008இல் ஹாங்காங்கில் உலகமே பார்த்தது. பிரபல நடிகர் ஒருவர் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார், அதில் இருந்த படங்கள் இணையத்தில் பரவின, படங்களை எடுத்த தொழில்நுட்பக்காரருக்கு மறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்தும் படங்கள் திரும்பி வரவில்லை. நம் ஊர்க் கடைக்காரர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் உங்களிடம் இருப்பது உங்கள் படங்கள் மட்டும் இல்லை. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வங்கிக் கணக்கு எண்ணும், சம்பளச் சீட்டும் ஒரே இடத்தில் ஒரே ஆளின் பெயரில் கிடைத்தால் அதை வைத்து என்னென்ன செய்ய முடியும் என்பதை நாளிதழில் மோசடிச் செய்திகள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பால்வெட்டில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி உங்களை நம்பித்தான் அந்தக் காகிதங்களைக் கொடுத்திருக்கிறார். அவர் பெயரில் ஏதாவது நடந்தால் எங்கே போய் யாரிடம் சொல்வது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இந்த இரண்டு பேருக்கும் மருந்து டிஸ்க் என்கிரிப்ஷன். டிஸ்க்கில் எழுதப்படுகிற ஒவ்வொன்றையும் சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி எழுதுவதுதான் அது. கழற்றி வேறு கணினியில் போட்டால் வெறும் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர், 2007இல் விஸ்டாவோடு வந்தது. புரோ பதிப்பில் அந்தப் பெயரிலேயே முழு வசதியும் இருக்கும். கடையில் விற்கிற சாதாரண மடிக்கணினிகள் பெரும்பாலும் ஹோம் பதிப்பு, அதில் இதன் சுருங்கிய வடிவம் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு அந்த வரி தெரிகிறதா என்பது உங்கள் மடிக்கணினியைப் பொறுத்தது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள், ஆகவே முன்பு இல்லாத சிலருக்கு இப்போது தெரியலாம். அந்தப் பக்கத்தை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். சில மடிக்கணினிகளில் இந்த என்கிரிப்ஷன் நீங்கள் கேட்காமலே நடந்திருக்கும். புதுக் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கியிருந்தால் அது தானாக இயங்கி, மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் சேமித்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் தொடங்கியிருந்தால், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தும் பாதுகாப்பு முழுமையாக இயங்காத அரைகுறை நிலையில் நிற்கலாம். எதையும் தொடுவதற்கு முன் உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் பாருங்கள். அதைவிட அவசரமானது மீட்புச் சாவி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று இருப்பதைத் திறந்தால், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம், ஆக 48 இலக்கம் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள் அல்லது அச்செடுங்கள். கையால் எழுதினால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு ஆறு இலக்கக் கூட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் அந்தக் கூட்டத்தில் ஏதோ ஓர் இலக்கம் தவறு. பக்கத்தில் இருக்கும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கணினி சாவி கேட்கும்போது அதே ஐடியைத் திரையில் காட்டும், எந்தச் சாவி எந்த டிஸ்க்குக்கு என்று குழம்ப வேண்டியதில்லை.

அந்தக் காகிதத்தை மடிக்கணினிப் பையில் வைக்காதீர்கள். வீட்டில் அப்பாவின் இபிஎஃப் காகிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் இருக்கிற இடத்தில் ஒன்று, உங்கள் நம்பிக்கைக்குரிய சொந்தக்காரர் வீட்டில் இன்னொன்று. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை ஆண்டில் திருடனிடம் தரவைப் பறிகொடுத்தவர்களைவிட, சாவியைத் தொலைத்துவிட்டுத் தங்கள் சொந்தத் தரவையே இழந்தவர்களைத்தான் அதிகம் சந்தித்திருக்கிறேன். மதர்போர்டு மாற்றினால் சாவி கேட்கும், சில நேரம் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலைப் புதுப்பித்தாலே கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அவற்றில் பிட்லாக்கர் போட்டிருந்தவற்றை மீட்கப் பெரிய பெரிய நிறுவனங்களின் ஆட்களே இந்த 48 இலக்கத்தைத் தேடி அல்லாடினார்கள். சாவி எங்குமே இல்லை என்றால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. எந்தக் கடையிலாவது ‘பிட்லாக்கர் உடைத்துத் தருகிறோம்’ என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, செவன்-ஜிப்பும் வெராகிரிப்டும். இவை தொழில்நுட்பத்தில் குறைந்தவை இல்லை. வெராகிரிப்ட், 2014 மே மாதத்தில் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேரின் வழியில் வந்தது, இன்றும் பலர் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஜிப்புக்குள் இருக்கிற ஒரு பிடிஎஃப்பை இரண்டு கிளிக்கில் திறந்தால், செவன்-ஜிப் அதை முதலில் தற்காலிக ஃபோல்டரில் பிரித்து வைத்துத்தான் காட்டும். அந்த நகல் அங்கேயே தங்கிவிடலாம். படங்களைப் பார்த்தால் சின்ன முன்னோட்டப் படங்கள் வேறு இடத்தில் சேமிக்கப்படும். வேர்டு தன் பங்குக்கு மீட்பு நகல் வைத்துக்கொள்ளும். பூட்டிய பெட்டியில் இருப்பது ஒன்று, வெளியே சிதறிக் கிடப்பது நாலு. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்தால் சிதறியதும் சேர்ந்தே உள்ளே அடங்கிவிடுகிறது. செவன்-ஜிப்பை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்காவது காகிதங்களை மின்னஞ்சலில் அனுப்பும்போது. செவன்-இசட் வகையைத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயர்களையும் என்கிரிப்ட் செய்யும் கட்டத்தில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே யார் யாருடைய பெயர் இருக்கிறது என்பது வெளியே தெரியும். பாஸ்வர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். வெராகிரிப்டின் இடம் பென்டிரைவிலும் வெளி ஹார்டு டிஸ்க்கிலும். ஹோம் பதிப்பில் பென்டிரைவைப் பிட்லாக்கரால் பூட்ட வசதி இல்லை, பூட்டியதைத் திறக்க மட்டும்தான் முடியும்.

பாஸ்வர்டு பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் இருக்க முடியாது. நம் மக்களிடம் அடையாள அட்டை எண்ணையோ அதன் ஒரு பகுதியையோ பாஸ்வர்டாக வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறி, கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது. அதாவது பாதிக்கு மேல் யாரும் ஊகிக்கக்கூடியது. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கிற அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிடுகிற வழிகாட்டிகளும் இப்போது, குறிகளையும் எண்களையும் கட்டாயமாகக் கலப்பதைவிட நீளத்துக்கே முக்கியத்துவம் கொடுக்கின்றன. சும்மா சும்மா மாற்றச் சொல்வதையும் விட்டுவிட்டன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து அடித்தால் நீளமும் வரும், உங்களுக்கு மறக்கவும் மறக்காது. விண்டோஸ் பின் எண் அந்த ஒரு கணினியில் மட்டும் செல்லும், தவறாகப் பலமுறை அடித்தால் பூட்டிக்கொள்ளும், அதனால் அதைச் சின்னதாக வைப்பதில் பெரிய ஆபத்தில்லை. தம்பி தோளுக்குப் பின்னால் நின்று பார்க்காதவரை. கல்லாவுக்கு எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டுப் போங்கள், திரை பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி இருக்கிற மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம். அந்தக் கணக்கில் நுழைகிறவனுக்குச் சாவியும் கிடைத்துவிடும் அல்லவா?

என்கிரிப்ஷன் எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டுதான் அதை நம்ப வேண்டும். நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது டிஸ்க் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது, உங்கள் பெயரில் ஓடுகிற தீம்பொருளுக்கும் திறந்தே இருக்கும். 2017 மே மாதம் பரவிய வான்னகிரை போன்ற பணம் பறிக்கும் நிரல்கள் என்கிரிப்ட் செய்த டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளையும் அதன்மேல் இன்னொருமுறை பூட்டிவிடும். அதற்கு மருந்து வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். நம் பக்கத்து இடி மின்னலுக்கும் அதுவே காவல். அதேபோல் வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி, தூரத்தில் இருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்கிறவனுக்கு நீங்களே வாசலைத் திறந்துவிட்டால் எந்த என்கிரிப்ஷனும் நிற்காது. பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிஷமே 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது.

அப்புறம், எதை வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி. மனு அனுப்பி முடிந்து, ஒப்புகை எண் வந்த பிறகு அந்தப் பாட்டியின் அடையாள அட்டைப் படம் உங்களிடம் ஏன் இருக்க வேண்டும்? அடுத்த வருஷமும் வருவார், திரும்பவும் கேட்க வேண்டாமே என்று வைத்திருப்பீர்கள். அன்பான எண்ணம்தான், புரிகிறது. ஆனால் இல்லாத காகிதத்தை யாராலும் திருட முடியாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் இருந்து நடப்பில் இருக்கிறது. வணிகத்தின் பேரில் பிறர் விவரத்தைக் கையாள்கிறவர் அதைத் தகுந்தபடி பாதுகாக்க வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் இரண்டு. உங்கள் கடை அளவுக்கு அதில் எது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், அது என் துறை இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாதம் ஒருமுறை டவுன்லோட்ஸையும் கைப்பேசிப் படத்தொகுப்பையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படங்கள் கைப்பேசியில் தானாகச் சேமிக்கப்படுவதையும் நிறுத்திவிடலாம்.

திரைக்கு வருகிறேன். கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி. பிறகு, என்கிரிப்ஷன் ஏற்கெனவே இயங்கினால் மீட்புச் சாவி காகிதத்தில். அப்புறம் என்கிரிப்ஷன் பக்கத்தைத் திறந்து இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இயக்கிவிட்டு, புதிதாக உண்டாகிற மீட்புச் சாவியைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, முடியும்வரை மின் இணைப்பில் வைத்திருங்கள், பெரிய டிஸ்க்காக இருந்தால் சில மணி நேரம் பிடிக்கும். திரை கோடு விழுந்திருந்தாலும் எழுத்து தெரிகிறது என்றீர்கள், ஆகவே இதை எல்லாம் இப்போதே செய்ய முடியும். தூங்கவைக்காமல் முழுதாக அணைத்துக் கொடுங்கள். திரை மாற்றுவதற்கு பாஸ்வர்டு தேவையே இல்லை, நுழைவுப் பக்கம் தெரிந்தாலே திரை வேலை செய்கிறதா என்று சொல்லிவிடலாம். கேமரா, ஒலி சரிபார்க்க வேண்டும் என்று கேட்டால், ‘ரிப்பேர்’ என்ற பெயரில் ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு உண்டாக்கி அதன் பாஸ்வர்டை மட்டும் கொடுங்கள், திரும்பி வந்ததும் அந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள். உங்கள் சொந்த பாஸ்வர்டை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கேட்கிற வழக்கம் பல கடைகளில் உண்டு. முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

டிவைஸ் என்கிரிப்ஷன் வரி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நிலைமை வேறு. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய் விண்டோஸ் 10ஆ 11ஆ, ஹோமா புரோவா, என்ன ரகம் என்பதை எழுதுங்கள். விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெராகிரிப்டால் முழு டிஸ்க்கையும் பூட்டுவதா, லினக்ஸ் மின்ட் போட்டு நிறுவும்போதே என்கிரிப்ஷன் கொடுப்பதா, அல்லது புரோ பதிப்புக்கு மாறுவதா என்பது அந்த விவரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை மடிக்கணினியைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். அவசரம் என்றால், ‘கஸ்டமர்’ ஃபோல்டரையும் டவுன்லோட்ஸில் உள்ளவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மடிக்கணினியில் இருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் அழித்ததையும் மீட்க முடியும், ஆகவே அது முழுப் பாதுகாப்பு ஆகாது. முடிந்தால் பழுதுபார்ப்பவரைக் கடைக்கே வரவழைத்து, உங்கள் கண்முன்னால் திரையை மாற்றச் சொல்லுங்கள், சில நூறு ரிங்கிட் வேலைக்கு வருகிறவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள்.